ஐம்பது அடி தள்ளி

பெட்டியின் மேல் ஒரு படம் இருந்தது. பச்சைச் சட்டை போட்ட ஒருவன், நீண்ட கம்பின் நுனியில் பற்கள் வைத்த மெஷினைத் தூக்கிப் பிடித்து, தன்னைவிட உயரமான செடிவேலியை வெட்டிக்கொண்டிருந்தான். முகத்தை மறைத்த கண்ணாடிக்குப் பின்னாலும் அவன் சிரிப்பது தெரிந்தது. அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏணி இல்லை. ஏணி இல்லாததால் ஏணியைப் பிடிக்கிறவளும் இல்லை. பெட்டியின் ஓரம் வரைக்கும் வெறும் புல்.

"என்னக்கா, அவன் உனக்குத் தெரிஞ்சவனா?" என்றான் தம்பி.

"இல்ல. பாவம், தனியா வந்திருக்கானேன்னு பாத்தேன்."

"அதுக்குத்தானே இதை வாங்குறது. ஒரு ஆள் போதும்."

மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி அதைச் சொல்லிவிட்டு, பெட்டியைப் பிரிக்கக் கத்தி தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நாங்கள் வேலி வெட்டுகிறவர்கள். எங்கள் பக்கத்து மேட்டுத் தெருக்களில் வீட்டுக்கு வீடு மதிலுக்குப் பதில் செடிவேலிதான். தம்பி ஏணியின் மேல் நின்று பெரிய கத்தரியால் வெட்டுவான். நான் கீழே நின்று ஏணியைப் பிடிப்பேன். அவ்வளவுதான் என் வேலை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் மேலே நிற்கிறவனுக்கு மட்டம் தெரியாது. தன் கைக்கு எதிரே இருக்கிற இலைதான் அவனுக்குத் தெரியும். வேலியின் இரண்டு முனைகளிலும் கழி நட்டுக் கட்டிய நூலுக்கும் இலைக்கும் நடுவே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று நான் அண்ணாந்து பார்ப்பேன். பிறகு கையிலிருக்கும் ஸ்பானரால் ஏணிக்காலைத் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் கொஞ்சம் ஏற்று. இரண்டு என்றால் இறக்கு. விடாமல் தட்டினால் நிறுத்து. வாயால் சொன்னால் "என்ன?" என்று திரும்புவான், ஏணி ஆடும். தட்டினால் திரும்ப மாட்டான். அவனுக்கு அது காதில் விழாது, பாதத்தில் விழும்.

வீட்டுக்காரர்கள் அவனைக் 'கத்தரி' என்றும் என்னை 'ஏணியக்கா' என்றும் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷத்தில் தம்பியின் முகத்தைவிட அவன் பூட்ஸின் அடிப்பக்கத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன். எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, எந்தப் பள்ளத்தில் கல் மாட்டியிருக்கிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

என் கல்யாணம் முறிந்த பிறகு தம்பி வீட்டு முன்னறைக்கு வந்தவள் நான். யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. இருந்தாலும் காலையில் எழுந்ததும் நான் இங்கே இருப்பதற்கு என்ன காரணம் என்று மனசு ஒருமுறை கேட்கும். தாழ்வாரத்தில் சாய்த்து வைத்த ஏணியைப் பார்த்தவுடன் அடங்கிவிடும்.

அன்றைக்குச் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மெஷினைப் பரப்பிவைத்தான். நீட்டவும் குறுக்கவும் முடிகிற கம்பு, வளைத்து மடக்கக்கூடிய வெட்டுத்தலை, இரண்டு பேட்டரி, தோளில் மாட்டும் பெல்ட், முகக் கண்ணாடி வைத்த ஹெல்மெட், காது மூடி. கூடவே ஒரு சின்னப் புத்தகம்.

"நீயே படிக்கா. உன் குரல்ல கேட்டாத்தான் என் மண்டையில ஏறுது."

படித்தேன். ஆரம்பிக்கும் முன் வேலி முழுக்க நடந்து பார், உள்ளே கம்பியோ கூடோ இருக்கலாம். மழையில் எடுக்காதே. மின்கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே, இந்தக் கம்பு மின்சாரத்தைத் தடுக்காது. எட்டி எட்டி வெட்டாதே, காலை நகர்த்து. பல்லில் குச்சி மாட்டினால் முதலில் பேட்டரியைக் கழற்று, அப்புறம் கை வை. மற்றவர்கள் ஐம்பது அடி தள்ளி நிற்கட்டும்.

அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே நிமிர்ந்தேன்.

"ஐம்பது அடியா!" என்றாள் தம்பி பெண்டாட்டி. அவள் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள், வாய் சும்மா இருக்காது. "அப்போ அண்ணி, உங்க தம்பி இந்தத் தெருவுல வெட்டினா நீங்க அடுத்த தெருவுல நின்னு பிடிக்கணும் போல."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். தம்பி மட்டும் அவளை ஒரு பார்வை பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுபோய், அவள் எழுந்து, ஏற்கெனவே கழுவிவைத்த தட்டுகளை மறுபடி கழுவப் போனாள்.

"இப்போ பாக்காம சொல்லு," என்றான் தம்பி.

"மெஷின் பிடிக்கப்போறது நீ. நான் எதுக்குடா மனப்பாடம் பண்ணணும்?"

"சும்மா சொல்லேன்."

சொன்னேன். ஐம்பது அடியைக் கடைசியில் சொன்னேன்.

முதல் வேலை பல் டாக்டரம்மா வீட்டில். அவர் வேலி சந்து நெடுக ஓடும், ஊரிலேயே உயரமானது. வெளியே வந்து மெஷினை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடேயப்பா, என் கிளினிக்ல இருக்கறதைவிடப் பெரிய டிரில்லா இருக்கே. ஏணியக்கா, உங்க ஏணி எங்கே?"

"லீவு போட்டிருக்கு டாக்டர்," என்றேன்.

தம்பி வேலியின் ஓரமாக ஒரு நடை நடந்தான். என்னையும் கூட நடக்கச் சொன்னான். இலைகளை விலக்கிப் பார்த்தோம். கூடு இல்லை. பழைய முள்கம்பி ஒரு துண்டு உள்ளே கிடந்தது, இழுத்து எறிந்தோம். கடைசி மூலையில் வீட்டுக்குப் போகும் மின்கம்பி வேலிக்கு மேலே தாழ்வாகத் தொங்கியது.

"அந்த மூலையைத் தொட மாட்டோம் டாக்டர். கரண்ட்காரங்களைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லுங்க."

"ஒரு பல் மட்டும் துருத்திட்டு நிக்குமே ஐயா!"

"நின்னுட்டுப் போகட்டும். நான் நிக்கணும்ல," என்றான் தம்பி.

அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, சந்துமுனையிலிருந்த தபால்பெட்டியைக் கையால் காட்டினான். நான் போய் அதன் பக்கத்தில் நின்றேன்.

கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மார்பில் கட்டிப் பார்த்தேன், யார் மேலோ கோபமாக இருப்பது போலிருந்தது. தொங்கவிட்டால் யாரையோ அனுப்பிவைக்க வந்தவள் மாதிரி இருந்தது. கடைசியில் தபால்பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அது ஆடவே இல்லை.

தம்பி முதலில் பக்கவாட்டை வெட்டினான். கீழிருந்து மேலாக, அடி கொஞ்சம் அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகலாகவும். அப்போதுதான் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும், காய்ந்து சொட்டையாகாது. அவ்வளவு தூரத்திலிருந்து மெஷின் ஒரு வண்டின் முனகல் போலத்தான் கேட்டது. ஹெல்மெட்டும் காது மூடியும் போட்டுக்கொண்டு, ஆகாயத்தில் மீன் பிடிக்கிறவன் மாதிரி அவன் நின்றான். கூப்பிட்டாலும் கேட்காது. தட்டுவதற்கு ஏணியும் இல்லை. நான் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் படம் ஒன்றுதான்.

உச்சிக்கு வந்தபோது வெட்டுத்தலையை மடக்கிவிட்டுக் கம்பை முழு நீளத்துக்கு நீட்டினான். தோள் பெல்ட் அவன் மார்பைக் கவ்விப் பிடித்திருந்தது. கைகளை வசதியாக உயர்த்த முடியவில்லை. கம்பின் நுனி காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. அவன் மேலே எதையோ தூக்குகிறான், அது ஆடுகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கால்கள் ஓடின. இரண்டு கையாலும் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, ஏணியைப் பிடிக்கும்போது நிற்கிற மாதிரியே ஒரு காலை முன்னால் ஊன்றி நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். பூட்ஸின் அடிப்பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் பற்கள் ஓடிக்கொண்டிருந்தன.

தம்பி விரலை எடுத்துவிட்டான். எடுத்தவுடன் மெஷின் நின்றது. அதற்குள் கம்பு இறங்கி, என் தலையில் கட்டியிருந்த துணியின் ஒரு மூலை அறுந்து தோளில் விழுந்தது.

"ஏணி இல்லக்கா இது!" என்று கத்தினான். என்னிடம் அவன் கத்தியது அதுதான் முதல் தடவை. "ஏணி இல்ல! உனக்கு எத்தனை தடவை... ஐம்பது அடின்னு நீதானே படிச்சே!"

"படிச்சேன்."

"அப்புறம்?"

"கைக்குப் படிக்கத் தெரியலடா."

அவன் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புல்லில் உட்கார்ந்தான். அறுந்த துணித்துண்டை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு எழுந்து வந்து, தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்தான்.

"வா. நீ பிடி."

அழுகிற குழந்தை கையில் எதையாவது திணிப்பார்களே, அப்படித்தான் என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கண்ணாடி, காது மூடி, கையுறை எல்லாவற்றையும் அவனே மாட்டிவிட்டான். பெல்ட்டை என் தோளில் போட்டுக் கொக்கியை மாட்டியபோது அது சட்டென்று வந்து உட்கார்ந்தது. இழுக்கவும் தளர்த்தவும் வேண்டியிருக்கவில்லை. அதைப் பற்றி அப்போது நான் ஒன்றும் நினைக்கவில்லை.

அவன் தபால்பெட்டிக்குப் போய் நின்றான்.

கனம் தோளில் தொங்கியது. கைகள் வழிகாட்டினால் போதும் என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது. நேர் கீழே நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நின்று, கோலத்தை அழிப்பது மாதிரி மெதுவாக அப்படியும் இப்படியும் ஓட்டினேன். வெட்டுண்ட இலைகள் மறுபக்கம் சரிந்தன. எட்டாத இடத்துக்குக் கையை நீட்டாமல் காலை நகர்த்தினேன். கை கடுத்தபோது இறக்கி வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தேன். அவன் கட்டைவிரலை உயர்த்தினான். இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டுப் பார்த்தேன். மறுபடியும் கட்டைவிரல். நான் வேண்டுமென்றே ஓர் இடத்தில் பள்ளம் விழ வெட்டினேன். அதற்கும் கட்டைவிரல்.

காது மூடியைத் தூக்கிக்கொண்டு கத்தினேன். "பூம்பூம் மாடு மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டாதடா! மட்டத்தைப் பாத்துச் சொல்லு!"

அவன் மட்டத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து ஒரு தடித்த குச்சி பற்களுக்கிடையே மாட்டிக்கொண்டது. மெஷின் திணறி நின்றது. வெட்டுத்தலையைக் கீழே இறக்கி, குச்சியை உருவக் கையைக் கொண்டுபோனேன்.

"பேட்டரி! அக்கா, பேட்டரி!"

ஐம்பது அடியையும் மறந்து அவன் ஓடி வந்தான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவனே பேட்டரியைக் கழற்றினான். மூச்சு வாங்கியது.

"இதே தப்பை நான் இல்லாதப்போ செஞ்சா என்னக்கா ஆகும்?"

"நீ ஏன்டா இல்லாம போற?"

அவன் குச்சியை உருவி எடுத்து, அதன் பட்டையை நகத்தால் உரிக்க ஆரம்பித்தான். சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராதபோது அவன் எதையாவது உரிப்பான். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"துறைமுகத்துல வேலைக்கா," என்றான். "கிடங்குல. இவளோட அண்ணன் சொல்லி வெச்சிருக்காரு. அவளுக்கும் அங்கேயே ஒரு லாண்டரியில பேசியாச்சு. மாசக் கடைசில வரச் சொல்றாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

சந்தில் யாருடைய வீட்டிலோ குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்போ இந்த மெஷின்?"

"உனக்குத்தான். ஏணியில நீ தனியா ஏற முடியாது, யாராச்சும் பிடிக்கணும். வேற யாரு வந்து பிடிப்பாங்க? இதுன்னா ஒரு ஆள் போதும்."

"பெல்ட் எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு."

"கடையில ஒரு பொண்ணு உன் உயரத்துக்கு இருந்துச்சு. அவளை மாட்டிப் பாக்கச் சொல்லி அளவு வெச்சு வாங்கினேன். என்னை ஒரு மாதிரி பாத்தா. 'உங்களுக்கா சார்'னு கேட்டா. எங்க அக்காவுக்குன்னேன். அப்புறமும் ஒரு மாதிரிதான் பாத்தா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது வந்த வழியாகவே வேறு ஏதோ ஒன்றும் வரப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பெட்டியைப் பார்த்ததிலிருந்து அந்த மெஷின் என்னை வேலையை விட்டு அனுப்ப வந்தது என்று நினைத்திருந்தேன். போகப்போவது அவன்.

"நீயும் வாயேன்க்கா எங்களோட," என்றான், பற்களைப் பார்த்தபடி.

அந்த 'வாயேன்' நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் நூலுக்கும் இலைக்கும் நடுவே தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. அந்த அழைப்பிலும் ஒரு விரற்கடை வெளிச்சம், ஒரு விரற்கடைக் குறைவு, தெரிந்தது. ஏணி இருந்திருந்தால் ஒரு தட்டு தட்டியிருப்பேன். கொஞ்சம் ஏற்று.

"பேட்டரி ரெண்டு வாங்கினேல்ல?" என்று கேட்டேன்.

"ரெண்டு இருக்கு."

"அது போதும். டாக்டரம்மா பாக்கறாங்க, பேட்டரியைக் குடு. அந்தப் பள்ளத்தைச் சரி பண்ணணும்."

அவர்கள் புறப்பட்ட அன்று தம்பி பெண்டாட்டி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலும், "அண்ணி, பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் தூங்கணும், சொல்லிட்டேன்," என்றாள். வீட்டை வாடகைக்கு விட்டவரிடம் பேசி முன்னறையை எனக்கென்று விட்டுவைத்திருந்தார்கள். மற்ற அறைகளுக்கு ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையும் வந்தார்கள். நல்லவர்கள். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல் சாத்துவார்கள். சாத்தினார்களா இல்லையா என்று நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஏணி தாழ்வாரத்திலேயே இருக்கிறது. குழந்தையின் துணிகளை அதில் காயப்போடட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். போடுங்கள் என்றேன். இப்போது படிக்கு ஒன்றாகச் சின்னச் சின்னச் சட்டைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான்.

"எப்படிக்கா போகுது?"

"போகுது. மெஷின் பல்லைத் துடைச்சு எண்ணெய் போட்டு உறையில வெச்சுட்டேன். உனக்கு?"

"இங்க ஏணிக்குச் சக்கரம் இருக்குக்கா. காலால ஒரு மிதி மிதிச்சா பிரேக் பிடிச்சுக்குது. யாரும் பிடிக்க வேண்டாம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "முதல் நாள் ஏறினதும் கீழ பாத்தேன். கூட வேலை பாக்கறவன், என்ன சார் காசு கீசு விழுந்துடுச்சான்னு கேக்கறான்."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

வேலி மறுபடி வளர்ந்ததும் டாக்டரம்மா ஆள் அனுப்பினார். தனியாகப் போனேன். வேலியோரம் ஒரு நடை நடந்து பார்த்தேன். பாதைக்குக் குறுக்கே ஆள் வராதபடி இரண்டு பக்கமும் கயிறு கட்டினேன். கழி நட்டு நூல் இழுத்தேன். பக்கவாட்டு சுலபமாக முடிந்தது. உச்சியில்தான் பிரச்சினை. மெஷினைத் தூக்கிப் பிடிக்கிறவளுக்கு மட்டம் தெரியாது என்பதை, மட்டம் பார்த்தே பழகிய நான் அப்போதுதான் முழுதாக அறிந்தேன். கண்ணுக்கு நேரே இலை, அதற்கு மேல் வெயில், அவ்வளவுதான். யாராவது ஒரு தட்டு தட்டினால் தேவலை என்றிருந்தது.

யோசித்துப் பார்த்துவிட்டு, உச்சியில் ஒரு பாகம் மட்டும் வெட்டினேன். நிறுத்தினேன். பேட்டரியைக் கழற்றினேன். பற்களுக்கு உறையை மாட்டி மெஷினைப் புல்லில் கிடத்தினேன். ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தபால்பெட்டி வரை நடந்து, திரும்பி நின்று பார்த்தேன். இடது பக்கம் ஒரு விரற்கடை தூக்கலாக இருந்தது. "ரெண்டு," என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திரும்பி நடந்துபோய், உறையைக் கழற்றி, பேட்டரியை மாட்டி, அந்த விரற்கடையை இறக்கினேன். அடுத்த பாகத்தை வெட்டிவிட்டு மறுபடியும் தபால்பெட்டிக்கு நடந்தேன்.

டாக்டரம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கடைசியில் பொறுக்க முடியாமல் வெளியே வந்தார்.

"என்ன ஏணியக்கா, போறீங்க வர்றீங்க, போறீங்க வர்றீங்க. எதையாவது தொலைச்சுட்டீங்களா?"

"இல்ல டாக்டர். வெட்டுறவளும் நான்தான், பாக்கறவளும் நான்தான். ரெண்டு பேருக்கும் நடுவுல கொஞ்சம் தூரம்."

அவர் வேலியைக் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பல்வரிசையைப் பார்க்கிறவரின் கண். "நேரா இருக்கு," என்றார். "போன தடவையைவிட நேரா இருக்கு. அந்த மூலைப் பல்தான் இன்னும் துருத்துது."

"கரண்ட்காரங்க வரலையா?"

"வரேன் வரேன்னு சொல்றாங்க."

அவர் உள்ளே போய்விட்டார். சந்தில் யாரும் இல்லை. இன்னும் ஒரு பாகம் மிச்சமிருந்தது. தபால்பெட்டியின் பக்கத்தில் நின்று, வேலியடியில் என் மெஷின் கிடந்த இடத்தையும் அதன் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டிய வெற்று இடத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு நடந்தேன்.